திரும்பக் கற்றல்

‘திரும்பக் கற்றல்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் கொள்ள இடமுண்டு. ஒருமுறை கற்றதை மீண்டும் கற்பது ஒன்று. திரும்புவது எப்படி என்று கற்பது மற்றொன்று. முதலாவதைப் பாடசாலையில் நாளாந்தம் செய்விக்கிறோம். இரண்டாவதை யாரும் யாருக்கும் கற்பிப்பதாகத் தெரியவில்லை. போகிற பாதை பிழையென்று தெரிந்துவிட்டால் மனிதன் தானாகவே திரும்பிவிடுவான், திரும்பவில்லையென்றால் அவனுக்கு மனமில்லை என்றுதான் நாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

தவ்பா என்ற அறபுச் சொல்லின் மூலப்பொருளும் திரும்புதல்தான். அதைப் ‘பாவமன்னிப்பு’ என்று தமிழாக்கிப் பழகிவிட்டதில், அச்சொல்லுக்குள் இருக்கும் அசைவு நம் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. மன்னிப்பு அல்லாஹ்விடமிருந்து வருவது. திரும்ப வேண்டியவன் அடியான். அந்தத் திரும்புதல் ஒரு நொடியில் எடுக்கும் முடிவா, அல்லது நீச்சலைப் போலப் பழகிப் பெற வேண்டிய ஒன்றா? முடிவுதான் என்றால், அதிலிருந்து வழுக்கியவனைப் பொய்யன் என்று சொல்லிவிடலாம். பழகிப் பெறுவது என்றால், பழகுகிறவன் விழத்தான் செய்வான். அப்போது, விழுகிறவனோடு நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி எழும். இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இதை யோசிப்பதற்கு எனக்குக் கைகொடுத்தது, நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விளையாட்டு: பனிச்சறுக்கு. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேலும் தேயிலைக் கொழுந்தின் மேலும் வெள்ளையாக உறைபனி படிவதைத் தவிர நமக்கு வேறு பனி தெரியாது. வெயிலேறினால் அதுவும் போய், கருகிய கொழுந்து மட்டும் மிஞ்சும். ஆனால் நமக்கு அயலில், காஷ்மீரின் குல்மார்க் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான் என்ற முஸ்லிம் இளைஞர், 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரேயொரு வீரராகக் கொடியேந்திச் சென்றார். அவர் கலந்துகொண்ட இரண்டு போட்டிகளுமே திரும்பும் திறனைச் சோதிப்பவை. சரிவில் நட்ட கம்பங்களுக்கிடையே இடமும் வலமுமாக வளைந்து இறங்க வேண்டும். ஜயன்ட் ஸ்லாலம் என்ற போட்டியில் அவருக்கு 45ஆம் இடம் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, கம்பங்கள் இன்னும் நெருக்கமாக நிற்கும் ஸ்லாலம் போட்டியை அவரால் முடிக்க இயலவில்லை. உலகத்தின் முன்வரிசைச் சறுக்கு வீரர்களிலும் பலர் அப்படி இடைவழியில் நின்றுபோவதுண்டு. நேரே இறங்குவதற்குச் சரிவே போதும். திரும்புவதுதான் கலை.

இந்தக் கலையின் உள்விவரங்களை எனக்குச் சொன்னவர், கலாசாலையில் என்னோடு பயின்ற நண்பரொருவரின் மைத்துனர். யாழ்ப்பாணத்தவர், சுவிற்சர்லாந்தில் வாழ்கிறார். பிள்ளைகளுக்காக நாற்பது வயதுக்கு மேல் சறுக்கப் பழகியவர். மூன்று ஆண்டுகள் நீளப் பலகைகளில் பழகிவிட்டுப் பிறகு ஸ்கீபோர்ட் எனப்படும் குறும்பலகைகளுக்கு மாறினார். விடுமுறையில் ஹட்டனுக்கு வந்திருந்தபோது அவர் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது.

“சேர், மூண்டு வருசம் பழகினது எனக்கு உதவி செய்யும் எண்டுதான் நினைச்சன். முதல் நாள் அதுதான் என்னை விழுத்தினது.”

ஏன் என்று கேட்டேன். அவர் மேசையில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்து விளக்கினார். சாதாரணமான சறுக்குப் பலகை ஏறக்குறைய ஆளின் உயரத்துக்கு இருக்கும். குறும்பலகையோ ஒரு மீற்றருக்கும் குறைவு. நீளப் பலகையில் நிற்பவன் முழங்காலை மடக்கி, கணைக்காலால் சப்பாத்தின் முன்பக்கத்தை அழுத்தி நிற்கப் பழகுகிறான். முன்னால் நீளமான மரம் கிடப்பதால் அது அவனைத் தாங்குகிறது. அதே அழுத்தத்தைக் குறும்பலகையில் கொடுத்தால் தாங்குவதற்கு முன்னால் எதுவுமில்லை, முகங்குப்புற விழுவான். பயந்து பின்னால் சாய்ந்தால் பின்னாலும் எதுவுமில்லை, மல்லாந்து விழுவான். நடுவில் நிற்க வேண்டும். கைக்கோல்களும் கிடையா. இரண்டு பலகைகளையும் ஒருசேர ஓரத்தில் சரித்தால் அவை தாமாகவே வளையும். நீளப் பலகையில் பழகியவனோ குதிகாலால் பலகையின் வாலைத் தள்ளித் திருப்பப் பார்க்கிறான். குறும்பலகை அந்தத் தள்ளுக்குப் பாதி வட்டம் சுழன்றுவிடுகிறது.

ஆனால் அவருடைய மூன்று ஆண்டுகளும் வீண்போகவில்லை என்பதையும் அவரே சொன்னார். சரிவைப் பார்த்து அளக்கும் கண், வேகத்தைப் பொறுத்துக்கொள்ளும் நெஞ்சு, விழுந்தால் எழும்பும் வழக்கம் ஆகியவை அப்படியே கூட வந்தன. உடம்பு எதை மறக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்தறிவதற்குத்தான் நாள் பிடித்ததாம்.

நீளத்துக்கும் குறுமைக்கும் உள்ள இந்தக் கணக்கு மலையகத்தாருக்குப் புதிதல்ல. 1885இல் நானுஓயாவை எட்டிய பிரதான புகையிரதப் பாதையின் தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1903, 1904ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட பாதையோ இரண்டரை அடி. மலையின் மடிப்புகளில் நெருங்கித் திரும்ப வேண்டுமானால் பாதை ஒடுங்க வேண்டும் என்று பொறியியலாளர்கள் அறிந்திருந்தார்கள். பெரிய ரயிலில் வந்தவர்கள் நானுஓயாவில் இறங்கிச் சிறிய ரயிலில் ஏறினார்கள். 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டுவிட்டது. வேகத்தையும் பாரத்தையும் கொஞ்சம் இழக்கச் சம்மதித்துத்தான் அந்தச் சிறிய ரயில் மலைக்கேற்றபடி திரும்பியது.

ஓர் ஆசிரியனாக என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு செய்தி. 1960களில் அமெரிக்காவில் கிளிஃப் ரெய்லர் என்ற பனிச்சறுக்கு ஆசிரியர் கற்பிக்கும் வரிசையையே மாற்றினார். அதுவரை புதியவனுக்கும் நீளப் பலகையைத்தான் கொடுப்பார்கள். அவன் பலகைகளின் முனையைக் கூட்டி ஆப்பு வடிவில் வைத்து, தடுத்துத் தடுத்து இறங்கப் பழகி, வெகுநாள் கழித்தே ஒழுங்காகத் திரும்பக் கற்பான். ரெய்லர் முதல் நாளே மிகக் குறுகிய பலகையைக் கொடுத்து, சாய்வு குறைந்த இடத்தில் நிறுத்தி, திரும்புவதையே முதற் பாடமாக்கினார். திரும்பத் தெரிந்த பிறகு பலகையின் நீளத்தைப் படிப்படியாகக் கூட்டினார். முதலில் திருப்பம், பிறகு வேகம். நம் பாடத்திட்டங்களும் குடும்பங்களும் பிள்ளைகளுக்கு இதைத் தலைகீழாகத்தான் கற்பிக்கின்றன.

தோட்டத்துப் பிள்ளைகள் இதைத் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். புல்லுச் சரிவில் பழைய உரப்பையை விரித்து அதன் மேல் அமர்ந்து சறுக்குவது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. உரப்பை திரும்பாது, சரிவு எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போகும். நிறுத்த வேண்டுமானால் குதிகாலை மண்ணில் ஊன்ற வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள், கழித்துப் போட்ட பெயாரிங் பொருத்திய பலகை வண்டி செய்து தோட்டப் பாதையில் விடுகிறார்கள். அதில் முன்கட்டையைக் காலால் தள்ளித் திருப்பலாம். உரப்பையில் சூரனாக இருந்த பையன் முதன்முதலில் வண்டியில் ஏறினால், வளைவு வந்ததும் பழைய வழக்கப்படி இரண்டு காலையும் இறுக்கி ஊன்றுகிறான். இரண்டு காலும் சமமாகத் தள்ளினால் கட்டை திரும்பாது. வண்டி நேரே போய்த் தேயிலைச் செடிக்குள் புகும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு வண்டியை இழுத்து வந்து மறுபடி அவனையே ஏற்றுவார்கள்.

வண்டி நிற்கும்போது எத்தனை முறை கட்டையைத் திருப்பினாலும் திசை மாறாது. ஓடினால்தான் மாறும். பனியிலும் அப்படித்தான். அங்கே இன்னொரு விதியும் உண்டு. திரும்புகிறவன் தன் பாரத்தைச் சரிவின் கீழ்ப்பக்கத்துக் காலில் வைக்க வேண்டும். பயமோ அவனை மேற்பக்கம், மலையின் மேல் சாயச் சொல்லும். சாய்ந்தால் பலகையின் முனை பாரமிழந்து, அவன் சொல்லைக் கேளாமல் ஓடும். தப்பிக்கிறோமென்று செய்வதே அவனை வீழ்த்திவிடுகிறது.

இனி தவ்பாவுக்கு வருவோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவின் நிபந்தனைகளைச் சொல்கிறார்கள்: பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், இனி அதன் பக்கம் போவதில்லை என்று உறுதிகொள்ளுதல்; பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் நான்காம் பகுதியைத் தவ்பாவைக் கொண்டே தொடங்குகிறார்கள். அறிவு, அதனால் உண்டாகும் மனநிலை, அதனால் விளையும் செயல் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மனநிலைக்கும் செயலுக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பக்தாதின் நிழாமிய்யாக் கல்லூரியில் தலைமைப் பேராசானாக இருந்தபோது, தம் போதனை அல்லாஹ்வுக்காக அல்ல, புகழுக்காக என்று அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும் ஏறக்குறைய ஆறு மாதங்கள் போவதா நிற்பதா என்று அலைந்தார்கள். கடைசியில் நா எழாமல் பாடம் நடத்த முடியாமற் போன நிலையில், 1095இல்தான் பக்தாதை விட்டார்கள். அத்தனை அறிவுள்ளவருக்கே ஆறு மாதம். அவர்களுடைய திறமைதான் திரும்புவதைக் கடினமாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு திசையில் வேகமாகப் போகக் கற்றவனுக்கு வளைவு எப்போதும் கடினம்.

என்னிடம் படித்த ஒருவன் மரக்கறி லொறியில் உதவியாளாக நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தான். ஐஸ் என்ற போதைப்பொருளில் சிக்கினான். புனர்வாழ்வு நிலையமொன்றில் சில மாதங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பினான். முதல் ஜும்ஆவில் பெரியவர்கள் அவனைக் கட்டித் தழுவினார்கள். ரமழானில் நோன்புக் கஞ்சிக் கிடாரத்தின் பொறுப்பும் அவனுக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் நன்றாக நடந்தான். பிறகு ஒருநாள் விழுந்தான். அடுத்த நாளே கிடாரம் வேறொருவர் கைக்குப் போயிற்று. “அவன்ட தவ்பா பொய்” என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் மறுக்கவில்லை. அவன் பள்ளிக்கு வருவது நின்றது.

வழியில் கண்டு பேசினேன். அவன் சொன்னது இது: “சேர், உடோணும்ங்கிறது எனக்குத் தெரியும். பகலைக்கு உட்டுத்தான் ஈக்கிறேன். அந்திப்பட்டா கால் தானா அந்தப் பக்கம் போகுது. மத்தப் பக்கம் எப்பிடித் திருப்புறதுண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்ல.”

இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளலாம். ஆனால் அவன் சொன்னதை அப்படியே எடுத்துப் பாருங்கள். அறிவு இருக்கிறது. வருத்தம் இருக்கிறது. உறுதியும் பகல் முழுவதும் இருக்கிறது. அந்தி நேரத்தில் எந்தச் சந்தியில் இறங்குவது, கைபேசியில் எந்த இலக்கத்துக்குப் பதிலளிக்காமல் விடுவது, அஸருக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட மூன்று நான்கு மணித்தியாலங்களைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. நாம் அவனிடம் முடிவைக் கேட்டோம்; அவன் கொடுத்தான். திரும்பும் வழக்கம் அவனிடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நேரே பெரிய சரிவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், கிடாரத்தின் பக்கத்தில் நீளப் பலகையோடு நிறுத்திவிட்டோம்.

பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த அந்தக் கொலையாளியின் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவன். தனக்குத் தவ்பா உண்டா என்று முதலில் ஒரு வணக்கசாலியிடம் போய்க் கேட்டான். அவர் இல்லையென்றார். அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் அறிஞரிடம் போனான். உனக்கும் தவ்பாவுக்கும் இடையில் யார் குறுக்கே நிற்க முடியும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அதோடு விடவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அதை விட்டு நல்லவர்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ என்று இடத்தையும் காட்டினார். வழியிலேயே மரணம் வந்தது. இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரம் அளக்கப்பட்டு, நல்ல ஊர்ப் பக்கம் நெருங்கியிருந்ததால் அவன் அருளுக்குரியவனானான். இதைக் கேட்கும்போதெல்லாம் அல்லாஹ்வின் அளவற்ற கருணையைத்தான் நாம் பேசுகிறோம். அது சரியே. ஆனால் திரும்ப வந்தவன் முகத்தில் கதவைச் சாத்திய பக்திமானின் பதிலுக்கு ஓர் உயிர் விலையாயிற்று என்பதையும், அறிஞர் மன்னிப்புச் செய்தியோடு ஒரு பாதையையும் ஓர் ஊரையும் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. திரும்புதல் பழகிப் பெறுவது, பழகுகிறவன் விழுவான் என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு பாவியும் ‘நான் பழகிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டமாட்டானா? தவ்பா விளையாட்டாகிவிடாதா? ஆகலாம். அதனால்தான் இனி அதன் பக்கம் போவதில்லை என்ற உறுதியை நவவி (ரஹ்) அவர்கள் நிபந்தனையாக வைக்கிறார்கள். அதை யாரும் தளர்த்த முடியாது. விழுந்தவன் மீண்டும் முழு உறுதியோடுதான் எழும்ப வேண்டும். ஆனால் விழுகிறவர்களில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒருவன் பாரத்தைப் புதிய பக்கத்தில் வைத்து, தாங்காமல் விழுகிறான். மற்றவன் பாரத்தைப் பழைய பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாயால் மட்டும் திரும்புகிறான். இவர்களைப் பிரித்தறியும் வழி விழுந்த எண்ணிக்கையைக் கணக்கிடுவதல்ல. அவன் எதை இழக்கச் சம்மதித்திருக்கிறான் என்று பார்ப்பது. பழைய கூட்டாளியையா, லொறி வேலையையா, கையில் புழங்கிய காசையா? ஒன்றையும் இழக்காமல் திரும்புகிறேன் என்பவன் மலைமேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான்.

என் மாணவன் லொறி வேலையை விட்டான். கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் முதியவர் ஒருவர் அவனை மாலை ஐந்து மணிக்கு மா குழைக்க வரச் சொன்னார். உபதேசம் ஏதும் செய்யவில்லை. அவனுடைய சம்மதத்தோடு சம்பளத்தை அவனுடைய உம்மாவின் கையில் கொடுத்தார். அந்தி நேரம் முழுவதும் அவன் கை மாவுக்குள் இருந்தது. குறும்பலகை, சிறு சரிவு. இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. நீளப் பலகையில் விழும்போது சப்பாத்து தானாகக் கழன்றுகொள்ளும்படி பூட்டு அமைந்திருக்கும். குறும்பலகைகள் பலவற்றில் அது கழலாததால் காலெலும்பு முறியும் அபாயம் கூடுதல். ஒரேயொரு மனிதரின் தயவில் தொங்கும் வாழ்க்கையும் அத்தகையதே. அந்த முதியவருக்கு ஒன்று நேர்ந்தால் அவன் என்னாவான் என்ற பயம் எனக்கு இருக்கிறது. இதை எழுதும்போது அவன் அங்கேதான் வேலை செய்கிறான். அதற்குமேல் நான் எதுவும் உறுதி சொல்லமாட்டேன்.

தனியொருவர் சுமக்கக்கூடாத சுமை இது. கிப்லா மாற்றப்பட்ட நிகழ்ச்சியை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம். மதீனாவுக்கு வந்து பதினாறோ பதினேழோ மாதங்கள் முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதார்கள். பிறகு கஅபாவை நோக்கும்படி கட்டளை வந்தது. மதீனாவுக்கு வடக்கே பைத்துல் முகத்தஸ், தெற்கே மக்கா. முதுகு இருந்த பக்கத்துக்கு முகம் வர வேண்டும். குபாவில் சுப்ஹுத் தொழுதுகொண்டிருந்தவர்களுக்குச் செய்தி எட்டியபோது அவர்கள் தொழுகையை முறித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை, தொழுகைக்குள்ளேயே திரும்பினார்கள். முன்பு தொழுத தொழுகைகள் வீணாகிவிடுமோ என்ற கவலைக்கும், அல்லாஹ் அவற்றை வீணாக்கமாட்டான் என்ற ஆறுதல் அல்பகறா அத்தியாயத்தில் அதே இடத்தில் கிடைக்கிறது.

இந்தத் திருப்பத்தின் உடற்கூற்றை இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் விளக்கியிருக்கிறார்கள். திசை நேரெதிராக மாறும்போது, இமாம் நின்ற இடத்திலேயே திரும்பினால் அவருக்குப் பின்னால் வரிசைகளுக்கு இடமிருக்காது. ஆகவே இமாம் பள்ளியின் முற்பக்கத்திலிருந்து பிற்பக்கத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. ஆண்களும் பெண்களும் தங்கள் வரிசைகளை மாற்றிக்கொண்டார்கள். ஜமாஅத் ஒன்று திரும்பும்போது, எல்லோருக்கும் முன்னால் நிற்பவரே அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் திரும்ப முயல்கிற இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் முடிவைக் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதோடு, அந்தி நேரத்தில் ஒரு வேலை, நடந்துபோக வேறொரு பாதை, விழுந்த மறுநாளும் ஸலாம் சொல்லும் நாலு பேர் ஆகியவற்றையும் பள்ளி நிர்வாகங்களும் பெற்றாரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். முன்வரிசையில் நிற்கும் நாம் நின்ற இடத்தை விட்டு அசையாமல், பின்வரிசையில் நிற்பவனை மட்டும் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது எந்த வகையில் நியாயம்?